நிறுத்தச் சொல்லும் தகவல்

நம்ம பிள்ளைகள் எம்.பி.ஏ. படிக்கையில் 'மேனேஜ்மெண்ட் இன்பர்மேஷன் சிஸ்டம்' என்றொரு பாடம் வருகிறது. மேலாண்மைத் தகவல் முறை எனத் தமிழில் சொல்லலாம். கம்ப்யூட்டர் வாங்கி வைத்தால் அது வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நிறுவனத்தின் குறிக்கோளுக்கு எந்தத் தகவல் தேவை, அது யாரிடம் சேர வேண்டும், எப்போது சேர வேண்டும், சேர்ந்ததும் என்ன செய்ய வேண்டும் ஆகிய நான்கையும் முன்கூட்டியே வகுத்து வைப்பதுதான் அம்முறை.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம் சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா.

1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறை ஏவப்பட்டது. திட்டத் தலைவர் அப்துல் கலாம். கடைசி நிமிடங்களில் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு என்று காட்டிக் கணினி ஏவுதலை நிறுத்தியது. கையிருப்பு போதும், ஏவலாம் என்றார்கள் உடனிருந்த வல்லுநர்கள். கணினியை ஒதுக்கி ஏவச் சொன்னார் கலாம். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் அடுக்கு தடுமாறி, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பழியை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

தகவல் இருந்தது, உரியவரிடம் உரிய நேரத்தில் வந்தது. நான்காவதுதான் உறுதியாக இல்லை.

2001 மார்ச் 28-இல் ஜி.எஸ்.எல்.வி. முதல் ஏவலைப் பாருங்கள். பக்கவாட்டு எஞ்சின்கள் நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. நடுவிலுள்ள திட எரிபொருள் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. அந்த நொடியில் கூடிப் பேச நேரம் ஏது? எப்போது நிறுத்துவது என்ற விதி கணினியில் முன்னாடியே எழுதப்பட்டிருந்தது, அதுவே நிறுத்தியது. ராக்கெட் தப்பியது. 21 நாள் கழித்து ஏப்ரல் 18-இல் பறந்தது. 2019 ஜூலை 15-இல் குடியரசுத் தலைவரே வந்திருந்தும், சந்திரயான்-2 ஏவல் 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. 22-ஆம் தேதி புறப்பட்டது.

சமண நெறியில் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றையும் மும்மணி என்போம். வீடுபேற்றுக்காகச் சொன்னது அது, வியாபாரத்துக்கு அல்ல. ஆனாலும் மூன்றும் சேர்ந்தால்தான் வழி என்னும் கருத்து இங்கும் பொருந்தும். அறிந்தது செயலுக்கு வராவிட்டால் பயனில்லை.

கடைக்கும் இதே கணக்குத்தான். பாக்கி வரம்பு மீறிவிட்டது என்று பேரேடு காட்டும், கணக்குப்பிள்ளையும் சொல்லுவார். "தெரிஞ்சவர்தானே, சரக்கை அனுப்பு" என்போம். பேரேட்டின் இடத்தில் இன்று கம்ப்யூட்டர் வந்தாலும் இந்தப் பேச்சு மாறவில்லை. ஆகவே புதுக் கணக்கு போடும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் வரம்பு எழுதி, அது மீறினால் சரக்கை நிறுத்தும் அதிகாரத்தைக் கணக்குப்பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள். முதலாளி சொன்னாலும் அன்று வண்டி கிளம்பக் கூடாது.