வரிச்சுமையும் வீரர்களின் இடப்பெயர்வும்: எல்லை மாவட்டங்கள் உணர்த்தும் உண்மை

வரி என்பது அரசுக்கு வருவாய், செலுத்துவோருக்குச் சுமை. இச்சுமை ஓரிடத்தில் மிகுந்தும் வேறிடத்தில் குறைந்தும் இருக்குமாயின், வசதி படைத்தோர் குறைந்த இடத்தை நாடிச் செல்வர் என்பது பொருளாதார வல்லுநர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்தாகும். விளையாட்டு வீரர்களைப் பொறுத்தமட்டில் இக்கருத்துக்குக் கூடுதல் வலு உண்டு. ஆலை உரிமையாளர் தம் ஆலையைப் பெயர்த்தெடுத்துச் செல்ல இயலாது. தோட்ட உரிமையாளர் மலையைச் சுமந்து செல்ல இயலாது. வீரரின் மூலதனமோ அவருடைய உடலும் திறனுமே. அவர் எங்கு சென்றாலும் அவையும் உடன் செல்லும். மேலும் அவர் பொருளீட்டும் காலம் மிகக் குறுகியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஈட்டுவதைக் கொண்டே எஞ்சிய வாழ்நாளை நடத்த வேண்டிய நிலையில், வரி விகிதம் அவருடைய கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்கள் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள எல்லை மாவட்டங்களாகும். நாட்டின் தடகளத் துறைக்குப் பெயர்பெற்ற வீரர், வீராங்கனையர் பலரை அளித்தவை இவை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் வரிகளின் விளைவை அன்றாடம் கண்டுவந்தவையும் இவையே. இவ்விரு அனுபவங்களையும் ஒருசேர நோக்கினால், வரி எதனை இடம்பெயரச் செய்கிறது, எதனைச் செய்வதில்லை என்பது புலப்படும்.

பிற நாடுகளின் அனுபவம்

ஸ்வீடன் நாட்டு டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க் 1970-களின் நடுவில் மொனாக்கோவில் குடியேறினார். 1869-ஆம் ஆண்டிலேயே வருமான வரியை நீக்கிவிட்ட சிறு நாடு அது. அவரைத் தொடர்ந்து வேறு பல வீரர்களும் அங்குச் சென்றனர். ஆனால் குடியேற்றம் பெயரளவில் அமைந்தால் சட்டம் அதனை ஏற்பதில்லை. ஜெர்மன் வீரர் போரிஸ் பெக்கர் 1991 முதல் 1993 வரை மொனாக்கோவில் வசிப்பதாகக் கூறிக்கொண்டு உண்மையில் மியூனிக் நகரில் வாழ்ந்தார் என்பதற்காக, 2002-இல் வரி ஏய்ப்புக் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

அமெரிக்காவில் மத்திய அரசு மட்டுமன்றி மாநிலங்களும் வருமான வரி விதிக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பின் பயனாக உச்ச விகிதம் 13.3 சதவீதமாக உயர்ந்தது. ஃபுளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரியே இல்லை. 2013 ஜனவரியில் கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன், வரிச்சுமை காரணமாகக் கடும் மாற்றங்களைச் செய்ய நேரிடலாம் எனக் கூறினார். பொதுமக்களின் அதிருப்தி எழவே வருத்தம் தெரிவித்தார். 1996-இல் கலிஃபோர்னியாவை விட்டுத் தாம் ஃபுளோரிடாவுக்குச் சென்றதற்கும் வரி ஒரு காரணம் என டைகர் வுட்ஸ் அப்போது ஒப்புக்கொண்டார்.

ஐரோப்பியக் கால்பந்து வீரர்களைப் பற்றி கிளெவன், லாண்டே, சாயஸ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 14 நாடுகளை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வெளிநாட்டில் ஆடும் வீரர்கள் வரி விகிதத்துக்கு ஏற்ப இடத்தைத் தேர்ந்தெடுக்கும் போக்கு வலுவாக உள்ளது என்றும், தாய்நாட்டிலேயே ஆடுவோரிடம் அப்போக்கு மிகவும் குறைவு என்றும் அவர்கள் கண்டனர். வரியின் ஈர்ப்பு உண்மையே. ஆயின் வேரூன்றிய இடத்தின் பிடிப்பும் உண்மையே.

இந்தியாவில் நிலைமை

இந்தியாவில் வரிவிகிதம் ஒரு காலத்தில் உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தது. 1973-74-இல் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்திற்கு மேல்வரி உள்பட 97.75 சதவீதம் வரி விதிக்கப்பட்டது. கூடுதலாக ஈட்டும் நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயே கையில் எஞ்சும் நிலை அது. இத்தகைய விகிதம் வரி ஏய்ப்பையே வளர்க்கும் என வாஞ்சூ குழு சுட்டிக்காட்டியது. அதன்பின் விகிதங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1997-98 முதல் உச்ச அடிப்படை விகிதம் 30 சதவீதமாக உள்ளது; பெருவருமானத்திற்கு மேல்வரி தனி.

எனினும் இந்திய வருமான வரியின் தனித்தன்மை அதன் விகிதத்தில் இல்லை. அது நாடு முழுவதற்கும் ஒன்றாக இருப்பதில்தான் உள்ளது. வேளாண் வருமானம் நீங்கலான பிற வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மத்திய அரசுக்கே அளித்துள்ளது. மாநில அரசோ உள்ளாட்சி மன்றமோ ஒருவருடைய தொழில் மீது விதிக்கக்கூடிய தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மிகக் கூடாது. ஆகவே பாலக்காட்டில் வாழும் வீரர் வாளையாரைக் கடந்து கோயம்புத்தூரில் குடியேறினாலும், இடுக்கியில் வாழ்பவர் குமுளி வழியே இறங்கிக் கம்பத்தில் வீடு பிடித்தாலும், அவர்தம் வருமான வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. சிக்கிம் மக்களுக்குச் சட்டம் அளித்துள்ள விலக்கு அம்மாநிலத்தின் வழிவந்தோருக்கு உரியது. புதிதாகக் குடியேறுவோருக்கு அது கிட்டாது.

நாட்டைவிட்டே செல்வதும் எளிதன்று. ஓராண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்குபவர் இங்கு வசிப்பவராகவே கருதப்படுவார். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் உள்ள இவ்விதியை, அதற்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பட்ட சட்டமும் ஏற்றுள்ளது. இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் பெற்று, வேறு எந்த நாட்டிலும் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகனை இங்கு வசிப்பவராகவே கொள்ளும் விதியும் 2020-இல் சேர்க்கப்பட்டது.

எல்லையைக் கடந்தவை பொருள்களே

மாநிலங்களின் கையில் இருந்தது விற்பனை வரி. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தில் 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வரியை நிர்ணயித்தன. ஒரே பொருளுக்கு இருபுறமும் வெவ்வேறு விகிதம் இருந்தமையால், குறைந்த வரியுள்ள இடத்தில் வாங்கி மறுபுறம் கொண்டுவருவது ஆதாயமாயிற்று. அதனைத் தடுக்க வாளையாரிலும் குமுளியிலும் சோதனைச் சாவடிகள் இயங்கின. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வந்த லாரிகள் வாளையாரில் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. முதலீட்டையும் வணிகத்தையும் ஈர்ப்பதற்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விகிதங்களைக் குறைத்ததால் எல்லா மாநிலங்களுமே வருவாய் இழந்தன. இப்போட்டியைக் கைவிட்டு 2000 ஜனவரி முதல் பொதுவான அடித்தள விகிதங்களைப் பின்பற்ற 1999-இல் மாநிலங்கள் உடன்பட்டன. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. பொருள் எங்கு நுகரப்படுகிறதோ அங்கு வரி சேரும் முறை ஏற்பட்டதும் விற்பனை வரிச் சாவடிகளுக்குத் தேவை இல்லாமற்போயிற்று.

ஜி.எஸ்.டி.க்கு உட்படாத பொருள்களில் பழைய நிலை இன்றும் காணப்படுகிறது. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு மேல்வரி விதித்தது. விலை வேறுபாடு மிகும்போது எல்லையோர வாகன உரிமையாளருக்குத் தமிழ்நாட்டு எரிபொருள் நிலையம் இலாபகரமானதாகிறது. வாகன வரி மற்றோர் எடுத்துக்காட்டு. விலையுயர்ந்த கார்களுக்குக் கேரளம் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வரி விதித்த காலத்தில், வசதி படைத்தோர் சிலர் புதுச்சேரி முகவரியில் காரைப் பதிவு செய்து கேரளச் சாலைகளில் ஓட்டினர். இது 2017-இல் வெளிப்பட்டு, முகவரிகள் போலியானவை என வழக்குகள் தொடரப்பட்டன. இங்கே உரிமையாளர் இடம்பெயரவில்லை. அவருடைய காரின் முகவரி மட்டுமே இடம்பெயர்ந்தது.

வீராங்கனையர் சென்றது எதன்பொருட்டு?

தொடுபுழாவில் பிறந்த ஷைனி வில்சன் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிக்கு முன்னேறினார். ஒலிம்பிக்கில் அந்நிலையை எட்டிய முதல் இந்தியப் பெண் அவரே. அவர் சென்னைக்கு வந்தது வரி காரணமாக அன்று; இந்திய உணவுக் கழகம் அளித்த பணி காரணமாகவே. இடுக்கியைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். அவருக்கு வாழ்க்கைப் பிடிப்பாக அமைந்தது இரயில்வே பணி. கண்ணூர் மாவட்டத்தில் பிறந்த எம்.டி. வல்சம்மா பாலக்காட்டுக்கு வந்தது மெர்சி கல்லூரியில் பயில்வதற்காக. அங்குத் திறன் வளர்த்து 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். மாறாக, 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலும் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் நீளம் தாண்டுதலில் வெள்ளி வென்ற எம். ஸ்ரீசங்கர், பயிற்சியாளரான தந்தை பாலக்காட்டிலேயே இருந்தமையால் ஊரிலேயே பயிற்சி பெற்று உயர்ந்தார்.

இவ்வனைவரின் வரலாற்றிலும் இடத்தைத் தீர்மானித்தவை கல்லூரி, பயிற்சியாளர், நிலையான பணி ஆகிய மூன்றே. பெரும்பாலான தடகள வீரர்களின் வருமானம் உச்ச வரி விகிதத்தை எட்டுவதே இல்லை. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகளில் பதக்கம் வென்றோருக்கு அரசுகள் வழங்கும் பரிசுத்தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டு என்பதும் 2014-இல் தெளிவாக்கப்பட்டுள்ளது.

வரிப்பணமும் ஓடுதளமும்

ஷைனி முதலில் பயிற்சி பெற்றது கோட்டயத்தில் இயங்கிய விளையாட்டுப் பிரிவில். பின்னர்த் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில். இவை அரசு நிதியில் நடந்த அமைப்புகள். மலையோரச் சிற்றூரில் பிறந்த ஒரு பெண்ணுக்கு உணவு, உறைவிடம், பயிற்சி ஆகியவற்றை அளித்து உலக அரங்குக்கு அனுப்பியது வரி செலுத்தியோரின் பணமே. அவ்வருவாய் குறையுமாயின் முதலில் பாதிக்கப்படுபவர் செல்வந்தரான வீரர் அல்லர். இன்னும் காலணியின்றி ஓடிக்கொண்டிருக்கும் பள்ளிச் சிறுமியே.

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு கோட்டின் இருபுறமும் வரி மாறுபடுமாயின், எளிதில் நகரக்கூடியவை நகரும். இதற்கு மாநிலங்கள் ஒருவரையொருவர் விஞ்சி விகிதத்தைக் குறைப்பது மருந்தாகாது. விகிதங்களை இணக்கப்படுத்துவதும், வசிப்பிடம் பற்றிய விதிகளை நேர்மையாகச் செயற்படுத்துவதுமே மருந்தாகும். அடுத்து, திறமையாளரை ஒரு மாவட்டத்தில் நிலைநிறுத்த விரும்பும் அரசு, வரிச்சலுகையை நம்புவதைவிட ஓடுதளம், பயிற்சியாளர், விளையாட்டு முடிந்த பின்னரும் தொடரும் வேலைவாய்ப்பு ஆகியவற்றை அம்மாவட்டத்திலேயே உருவாக்குவது பயன் தரும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஒவ்வோர் ஊராட்சிப் பள்ளிக்கும் நல்லதொரு மைதானம் வாய்க்குமாயின், நாளைய வீராங்கனைக்குத் திறனை வளர்க்க ஊரை விட்டுச் செல்ல வேண்டிய கட்டாயம் இராது.