பிடிஎப் கோப்பிலிருந்து தமிழ் எழுத்தை மீட்பது எப்படி?

அரசாணை, பத்திர நகல், பழைய நாவல் என எல்லாமே இன்று பிடிஎப் வடிவில்தான் கைக்கு வருகின்றன. அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வேர்டில் ஒட்டினால் தமிழ் சிதறிப்போகிறது. மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன், அந்தக் கோப்பு எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். எந்த வழியில் மாற்றுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் இம்மியும் பிசகக் கூடாது என்பதற்காக 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம் பிடிஎப். 'இந்த இடத்தில் இந்த உருவை வரை' என்ற கட்டளைகளே அதற்குள் இருக்கின்றன. சொல், பத்தி என்ற கணக்கு பெரும்பாலான கோப்புகளில் கிடையாது. வேர்டில் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாக உடைவதும், பக்க எண் வாக்கியத்தின் நடுவே வந்து விழுவதும் அதனால்தான்.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 'கொடி' என்ற சொல்லில், கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு முறைப்படி முதலில் ககரம், பிறகே ஒகரக் குறி. பிடிஎப்பிலோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று வரையப்பட்டிருக்கும். அதை அப்படியே அள்ளினால் 'ெகாடி' என்று வந்து நிற்கிறது. பார்க்கச் சின்னப் பிழைதான். ஆனால் 'கொடி' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. எந்த உரு எந்த யூனிகோடு எழுத்து என்று சொல்லும் அட்டவணை கோப்புக்குள் இல்லாவிட்டால் டு, மூ போன்றவை காணாமலும் போகும்.

ஒட்டியதும் ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பழைய எழுத்துருவின் வேலை. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வெளிவரும். பயப்பட வேண்டியதில்லை. கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்தால் யூனிகோடு தமிழ் கிடைத்துவிடும்.

எழுத்தைத் தேர்வு செய்யவே முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். கணினியில் அடித்த சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வழக்கம் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. திரைவாசிப்பான் துணையோடு படிக்கும் பார்வையற்றவருக்கு அந்தக் கோப்பு வெற்றுத்தாள். இந்த வழக்கம் மாறியே ஆக வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்க ஓசிஆர் எனும் எழுத்துணரி நுட்பம் தேவை. கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறப்பது எளிய வழி. நிலப் பத்திரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை முகம் தெரியாத மாற்றித் தளங்களில் ஏற்றாதீர்கள். அவற்றுக்கு, சொந்தக் கணினியிலேயே இயங்கும் இலவச மென்பொருளான டெசராக்ட் இருக்கிறது. தமிழும் அதற்குத் தெரியும். 300 டிபிஐ அளவில், சாயாமல் ஸ்கேன் செய்த பக்கம் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதி வேலை மெய்ப்பு பார்ப்பது. காலும் ரகரமும் பல அச்செழுத்துகளில் ஒன்றுபோலவே இருக்கும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் வரும் பழைய ணை, லை, னை, றா போன்ற வடிவங்களில் மென்பொருள் இடறும். ௧ என்ற தமிழ் எண்ணைக் ககரமாகப் படித்துவிடும். பெயர்களையும் தொகைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும். அவற்றில் வரும் பிழையைச் சொற்பிழை திருத்தி காட்டிக்கொடுக்காது. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முன்மாதிரி உண்டு: இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஸ்கேன் பக்கத்தையும் உரையையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒருவர் திருத்துகிறார். அதை இன்னொருவர் மறுபடி சரிபார்க்கிறார்.