பயிற்சி மென்பொருள்: பணம் செலுத்தியவருக்கே உரிமை முழுவதும் சொந்தமாகுமா?

விமானம் ஓட்டுதல், சத்திரசிகிச்சை, துறைமுகப் பாரந்தூக்கியை இயக்குதல் போன்ற பணிகள் இன்று கணனித் திரையிலும் கற்பிக்கப்படுகின்றன. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தின்றிப் பயிற்சி பெற உதவும் இவை சிமுலேஷன் மென்பொருட்கள் எனப்படுகின்றன. நிறுவனமொன்று தனது தேவைக்கென இத்தகைய மென்பொருளைச் செய்விக்கும்போது விலையும் காலக்கெடுவும் பேசப்படுமளவிற்கு உரிமை பற்றிப் பேசப்படுவதில்லை. பணம் செலுத்தியவருக்கே அனைத்தும் சொந்தம் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் தவறானதாகும்.

இத்தகைய மென்பொருட்கள் முற்றுமுழுதாகப் புதிதாக எழுதப்படுவது அரிது. காட்சிகளை இயக்கும் 'எஞ்சின்' எனப்படும் அடித்தள மென்பொருள் ஒருவருடையது. முப்பரிமாண உருவங்களும் ஒலிகளும் வேறொருவரிடம் வாங்கப்பட்டவை. பாடத்திட்டம் மட்டுமே பெரும்பாலும் செய்விப்பவருடையது. ஒவ்வொன்றும் தனித்தனி அனுமதிப்பத்திர நிபந்தனைகளுக்கு உட்பட்டதாகும்.

இங்கு பயன்பாட்டின் நோக்கமும் முக்கியமானது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விமான விளையாட்டுத் தொழில்நுட்பத்தை 2009 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனம், அதனைக் கொண்டு 'பிரிபேர்3டி' என்னும் பயிற்சி மென்பொருளை உருவாக்கியது. தனிப்பட்ட பொழுதுபோக்கிற்கு அதனைப் பயன்படுத்த அனுமதியில்லை. மறுபுறம், 'எக்ஸ்-பிளேன்' மென்பொருளின் வீட்டுப் பாவனைக்கான பிரதியை வர்த்தகப் பயிற்சிக்குப் பயன்படுத்த முடியாது. அதற்குத் தனியான உரிமம் பெறவேண்டும்.

கட்டணம் அறவிடும் முறையும் ஒன்றல்ல. அன்ரியல் எஞ்சினைக் கொண்டு தயாரித்து விற்கப்படும் விளையாட்டொன்றின் மொத்த வருமானம் ஒரு மில்லியன் டொலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகையில் பொதுவாக 5 வீதத்தை 'ரோயல்டி'யாக எபிக் கேம்ஸ் நிறுவனம் பெறுகின்றது. விளையாட்டுத் துறை சாராத, ரோயல்டி செலுத்தாத நிறுவனங்களுக்கு 2024 ஆம் ஆண்டில் வேறொரு முறையை அது அறிமுகப்படுத்தியது. ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் டொலருக்கு மேற்பட்டதாயின், எஞ்சினைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வருடமொன்றுக்கு 1,850 டொலர் என்பதே அதுவாகும். இச்செலவை ஏற்பது தயாரிப்பாளரா, செய்விப்பவரா என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படாவிடின் பிணக்கு தவிர்க்கமுடியாததாகிவிடும்.

நிபந்தனைகள் இடைநடுவில் மாறவும் கூடும். 2023 செப்டெம்பரில் யுனிட்டி நிறுவனம், விளையாட்டுகள் நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஓராண்டின் பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. எனினும் பிறரது எஞ்சினில் தங்கியிருப்பதன் ஆபத்தை அது உணர்த்தியது.

திறந்த மூல மென்பொருட்களுக்கு ரோயல்டி இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. 'பிளைட்கியர்' மென்பொருளை மாற்றியமைத்து விற்கலாம். ஆயினும் பிரதியைப் பெறுபவருக்கு மாற்றப்பட்ட மூல நிரலையும் பெறும் உரிமை உண்டு.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாக்கின்றது. ஊழியர் தமது கடமையின்போது எழுதும் நிரலின் பொருளாதார உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிடின், தொழில்தருநரைச் சாரும். வெளி நிறுவனமொன்றிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவ்வாறு கருதிவிட முடியாது. மூல நிரல் யாரிடம் இருக்கும், பின்னர் திருத்தும் உரிமை யாருக்கு, அதே மென்பொருளைத் தயாரிப்பாளர் பிறருக்கும் விற்கலாமா என்பன எழுத்தில் இடம்பெறவேண்டும். இன்றேல், பாடத்திட்டத்தில் சிறு மாற்றம் செய்வதற்கும் பயிற்சி நிலையம் பிறரது அனுமதிக்காகக் காத்திருக்க நேரிடும்.