எடையும் வேலையும்: வடசேரிக் கோயில் நகைப் பட்டறைகளின் விலைக் கணக்கு

ஆய்வுச்சுருக்கம்

கையால் நகை செய்யும் சிறுபட்டறைகள் நலிவதற்கு இயந்திர நகைகளின் போட்டியே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. நகையின் விலையை உலோகத்தின் எடையோடு பிணைத்துக் கணக்கிடும் வழக்கமும் அந்நலிவுக்கு முக்கியமான காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. சேதாரம், செய்கூலி ஆகிய சொற்களின் பொருள், தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டும் எடைப் பகுப்பு, வேலைநாளை அடிப்படையாகக் கொண்ட விலைக் கணக்கு, சட்டச் சூழல் என்னும் நான்கு நிலைகளில் கருத்துகள் தொகுக்கப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: வடசேரி, கோயில் நகை, சேதாரம், செய்கூலி, கைவினைப் பட்டறை, புவிசார் குறியீடு

முன்னுரை

தமிழர் அணிகலன்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அணிகளின் பெயர், வடிவம், அணியும் உறுப்பு ஆகியவற்றைத் தொகுப்பனவாக அமைந்துள்ளன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவி அணிந்த அணிகளை அடிமுதல் முடிவரை வரிசைப்படுத்துகிறது. ஊர்காண் காதை மதுரை வீதிகளில் விற்கப்பட்ட மணிகளின் இயல்பையும் பொன்னின் நால்வகையையும் கூறுகிறது. இவை அணிகல ஆய்வுக்கு வளமான சான்றுகள். எனினும், அணியைச் செய்தவர் தம் உழைப்பிற்கு எவ்வாறு விலை பெற்றார் என்னும் வினா இவ்வாய்வுகளில் அரிதாகவே எழுகிறது. ஒரு கைவினை அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா என்பதைத் தீர்மானிப்பது இவ்வினாவிற்கான விடையே. தொழில் தெரிந்த தந்தை தம் மகனைப் பட்டறையில் அமர்த்துவதும் வேறு வேலைக்கு அனுப்புவதும் மாத இறுதியில் கையில் நிற்கும் தொகையைப் பொறுத்தவை.

1. வடசேரி நகையின் அமைப்பு

வடசேரி இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதி. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்தது. கோயில் திருமேனிகளுக்கு அணிவிக்கும் நகைகளைச் செய்த மரபே இங்குள்ள தொழிலின் வேர். இருபதாம் நூற்றாண்டில் சதிராட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரில் பொதுமேடைக்கு வந்தபோது இந்நகைகளுக்குப் புதிய வாடிக்கையாளர் தோன்றினர். 1936ஆம் ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்திரா போன்ற நிறுவனங்கள் ஆடற்கல்வியைப் பரவலாக்கின. அரங்கேற்றம் காணும் ஒவ்வொரு மாணவிக்கும் தலைசாமான் தேவைப்பட்டது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் எனத் தொகுப்பாக இவை வாங்கப்படுகின்றன.

இந்நகையின் அடிப்பகுதி வெள்ளி. வெள்ளித் தகட்டையும் கம்பியையும் வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கற்களுக்கான குழிகளோடு கூடிய சட்டம் உருவாக்கப்படும். குழிகளில் அரக்கு நிரப்பப்படும். பட்டை தீட்டாது மழுப்பி எடுத்த கெம்பு எனும் சிவப்புக்கல்லும் பச்சைக்கல்லும் வெள்ளைக்கல்லும் அரக்கின்மேல் பதிக்கப்படும். பின்னர் மெல்லிய தூய தங்கத் தகடு கல்லைச் சுற்றி அழுத்தப்பட்டு மெருகேற்றப்படும். சட்டம் கட்டுதல், கல் பதித்தல், தங்கத் தகடு பொதித்தல், மெருகிடுதல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்திறன்.

இவ்வமைப்பில் விலைக் கணக்கிற்கு இன்றியமையாத ஓர் உண்மை உள்ளது. நகையின் எடையில் ஒரு பகுதி வெள்ளி. மற்றொரு பகுதி கல்லும் அரக்கும். தங்கத்தின் பங்கு எடையில் மிகச் சிறிது. ஆனால், கல் ஒவ்வொன்றையும் சுற்றித் தங்கத்தைப் படியவைக்கும் வேலையே மிகுந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, எடை கூடினால் வேலை கூடும் என்னும் விதி இங்குப் பொருந்துவதில்லை. நுண்ணிய சிறு கற்கள் நிறைந்த எடை குறைந்த ராக்கொடி, பெருங்கற்கள் பதித்த எடை மிகுந்த பதக்கத்தைக் காட்டிலும் கூடுதல் நாள்களைக் கேட்கலாம்.

2. சேதாரம், செய்கூலி: சொற்களின் பொருள்

சேதாரம் என்பது உருக்குதல், அராவுதல், மெருகிடுதல் ஆகியவற்றின்போது இழக்கப்படும் உலோகத்தைக் குறிக்கும் சொல். செய்கூலி என்பது நகையைச் செய்வதற்குரிய கூலி. முன்னது பொருளின் இழப்பு; பின்னது உழைப்பின் மதிப்பு. இரண்டும் தன்மையால் வேறானவை.

இன்றைய நகைக்கடை வழக்கில் இவ்வேறுபாடு மங்கியுள்ளது. இரண்டுமே பெரும்பாலும் உலோக மதிப்பின் விழுக்காடாகக் கூறப்படுகின்றன. உண்மையில் இழந்த உலோகத்தின் அளவுக்கும் பட்டியலில் காணும் சேதாரத்திற்கும் நேரடித் தொடர்பு இருப்பதில்லை. பட்டறையில் சிந்தும் பொடி வீணாவதும் இல்லை. அராவிய துகளைத் திரட்டி மீண்டும் உருக்குவர். பட்டறை மண்ணை விலைக்கு வாங்கிக் கழுவிப் பொன்துகள் பிரித்தெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் உள்ளனர்.

விழுக்காட்டு முறையால் இரு விளைவுகள் நேர்கின்றன. முதலாவது, உலோக விலை உயர்ந்தால் அதே வேலைக்குக் கூலி உயர்ந்ததாகத் தோன்றும். உலோக விலை வீழ்ந்தால் கூலியும் வீழும். உழைத்த நாள்களின் எண்ணிக்கையோ மாறுவதில்லை. இரண்டாவது, வாடிக்கையாளரின் மனத்தில் விழுக்காடு ஒரு பொது அளவாகப் பதிந்துவிடுகிறது. எந்திரத்தில் அச்சடித்த சங்கிலிக்கும் கையால் கல் பதித்த சுட்டிக்கும் ஒரே விழுக்காட்டை எதிர்பார்க்கும் நிலை அதனால் உருவாகிறது.

3. கல்வெட்டு காட்டும் பகுப்பு

நகையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் முறை தமிழகத்திற்குப் புதியதன்று. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களை விரிவாகப் பதிந்துள்ளன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணி பதித்த அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடை பகுக்கப்பட்டது; 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. முத்து, வயிரம், மாணிக்கம் ஆகியவற்றின் எண்ணிக்கையும் வகையும் தனித்தனியே கூறப்படுகின்றன. அரக்கு முதலியவை எடையில் சேர்ந்துள்ளமையும் குறிக்கப்படுகிறது. பல பதிவுகளில் நகையின் மதிப்பு காசு என்னும் அலகில் தனியே தரப்படுகிறது.

இப்பதிவுகள் கோயில் உடைமையைக் காக்கும் நோக்கில் எழுந்தவை. கைவினைஞரின் வருவாயைக் காக்க எழுந்தவை அல்ல. எனினும், ஒரு நெறியை இவற்றிலிருந்து பெறலாம். எடை வேறு, மதிப்பு வேறு. எடைக்குள்ளும் பொன் வேறு, கல் வேறு, அரக்கு வேறு. இப்பகுப்போடு வேலைநாள் என்னும் கூற்றையும் சேர்த்துக்கொண்டால் சிறுபட்டறைக்குரிய கணக்கு கிடைக்கிறது.

4. வேலைநாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கு

பின்வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. சந்தை விலைகள் அல்ல.

ஒரு நெற்றிச்சுட்டிக்கு வெள்ளி, தங்கத் தகடு, கல், அரக்கு ஆகியவற்றின் அடக்கம் 8,000 ரூபாய் எனவும், அதனைச் செய்ய 5 நாள் ஆகிறது எனவும் கொள்வோம். பொருளடக்கம் முழுவதன்மீதும் 15 விழுக்காடு எனத் தாராளமாகக் கணக்கிட்டாலும் கூலி 1,200 ரூபாய். நாளொன்றுக்கு 240 ரூபாய் மட்டுமே. கைவினைஞர் எதிர்பார்க்கும் நாட்கூலி 1,000 ரூபாய் எனில் இவ்விலை அவரைத் தொழிலிலிருந்து வெளியேற்றும் விலையாகும்.

மாற்று முறையில் முதற்கண் வேலைநாளின் உண்மையான விலை காணப்படவேண்டும். மாதத்தில் 25 நாள் பட்டறை திறந்திருந்தாலும், கல் வாங்குதல், வாடிக்கையாளரோடு பேசுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றில் 5 நாள் கழியும். நகையின்மேல் செலவாகும் 20 நாள்களே 25 நாளுக்குரிய கூலியை ஈட்டவேண்டும். எனவே நாளொன்றுக்கு 1,250 ரூபாய். வாடகை, எரிபொருள், மின்சாரம், கருவித் தேய்மானம் ஆகியவற்றிற்கு மாதம் 6,000 ரூபாய் எனில் நாளொன்றுக்கு 300 ரூபாய் சேரும். ஆக, ஒரு வேலைநாளின் விலை 1,550 ரூபாய். 5 நாளுக்கு 7,750 ரூபாய். பொருளடக்கத்தில் 3 விழுக்காட்டை உண்மையான சேதாரத்திற்கும் உடையும் கற்களுக்கும் ஒதுக்கினால் 240 ரூபாய். இவற்றின் கூட்டுத்தொகை 15,990 ரூபாய். விற்காது தங்கும் நகைக்கும் புதிய கருவிக்குமாக 10 விழுக்காடு, அதாவது 1,599 ரூபாய், சேர்த்தால் பட்டறை விலை 17,589 ரூபாய்.

இதனை வாடிக்கையாளரிடம் பொருள், வேலைநாள், சேதாரம் எனப் பிரித்துக் காட்ட இயலும். நகையின் விலையில் ஏறத்தாழப் பாதி கைவேலைக்குரியது என்பது அப்போது வெளிப்படும். பட்டியலே கைவேலையின் சான்றாக அமைகிறது.

5. தரகும் உலோக விலையும்

நாட்டியப் பொருள்கள் விற்கும் கடைகளின் வழியே நகையை அனுப்பும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. கடை விற்பனை விலையில் 30 விழுக்காடு எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். பட்டறை விலையோடு 30 விழுக்காட்டைக் கூட்டி 22,866 ரூபாய் எனக் குறிப்பது பொதுவாக நேரும் பிழை. விற்பனை விலையில் 30 விழுக்காடு கழிந்தபின் பட்டறைக்கு வருவது 16,006 ரூபாய். அடக்கமான 15,990 ரூபாய்க்கு மேல் எஞ்சுவது 16 ரூபாய். ஒதுக்கிவைக்க எண்ணிய 1,599 ரூபாயும் தரகிலேயே கரைந்துவிடுகிறது. பட்டறை விலையை 0.7ஆல் வகுத்து 25,127 ரூபாய் எனக் குறித்தால்தான் 17,589 ரூபாய் குறைவின்றி வந்துசேரும்.

உலோக விலையின் ஏற்றத்தாழ்வு மற்றோர் இடர். மார்கழி இசை, நாட்டிய விழாக்களையும் பள்ளி விடுமுறையில் நிகழும் அரங்கேற்றங்களையும் ஒட்டி ஆணைகள் குவிகின்றன. பிற மாதங்களில் குறைகின்றன. ஆணை பெற்ற நாளுக்கும் உலோகம் வாங்கும் நாளுக்கும் இடையே வெள்ளி விலை உயருமானால் இழப்பு பட்டறையைச் சேரும். முன்பணத்தை உலோக மதிப்புக்குக் குறையாமல் பெற்று, அன்றே உலோகத்தை வாங்கிவிடுவது இதற்குரிய காப்பு. வாடிக்கையாளரே உலோகம் கொடுத்துக் கூலிக்குச் செய்விக்கும் பழைய முறையிலும் இக்காப்பு உண்டு. அவ்வாறெனில் பெற்ற எடை, நகையாகத் திருப்பிய எடை, எஞ்சிய துண்டுகளின் எடை ஆகிய மூன்றும் கையொப்பத்தோடு பதியப்படவேண்டும். தட்டாரின் நேர்மையை ஐயுறும் வழக்கு சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு. அதற்கு எழுதிய கணக்கே விடையாகும்.

6. சட்டச் சூழல்

பொற்கொல்லரின் பொருளியல் நிலையை அரசின் விதிகளும் வடிவமைத்துள்ளன. 1963 சனவரியில் நடைமுறைக்கு வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடைசெய்தன. 22 காரட்டில் பழகிய கைகள் வேலையிழந்தன. 14 காரட் வரம்பு பின்னர் 1966இல் நீக்கப்பட்டது. எனினும் 1968ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொற்கொல்லர் கையிருப்பில் வைத்திருக்கக்கூடிய பொன்னுக்கு வரம்பிட்டது. அச்சட்டம் 1990இல் நீக்கப்பட்டது.

தற்போது நகைக்கு 3 விழுக்காடும், நகை செய்யும் கூலிப்பணிக்கு 5 விழுக்காடும் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. மாநிலத்திற்குள் பொருள் மட்டும் விற்போர்க்குப் பதிவு வரம்பு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாய். கூலிப்பணி சேவையாதலால் அதற்கு 20 இலட்சம் ரூபாய். 2021 சூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரை தங்க நகையின் தூய்மைக்குச் சான்று தருவது. வெள்ளிச் சட்டத்தில் தங்கத் தகடு பொதித்த வடசேரி நகையின் மதிப்பை அம்முத்திரை உணர்த்தாது. அதன் மதிப்பு செய்முறையில் உள்ளது.

செய்முறைக்கும் இடத்திற்கும் சான்றளிப்பது புவிசார் குறியீடு. நாகர்கோவில் கோயில் நகைகள் அக்குறியீட்டைப் பெற்றுள்ளன. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கவேண்டும். இச்சட்டம் பதிவுபெற்ற உரிமையாளரையும் அதிகாரம் பெற்ற பயனரையும் வேறுபடுத்துகிறது. குறியீடு ஊருக்குக் கிடைத்தாலும், தனிப்பட்ட கைவினைஞர் பயனராகப் பதிவு செய்துகொண்டால்தான் அதனைத் தம் நகைக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுவார். மேலும், செம்பு, பித்தளை வார்ப்பில் முலாம் பூசிய நகைகளும் கோயில் நகை என்னும் பொதுப்பெயரிலேயே விற்கப்படுகின்றன. கோயில் நகை என்னும் சொல் வடிவத்தைக் குறிக்கிறது. புவிசார் குறியீடு இடத்தையும் செய்முறையையும் குறிக்கிறது. இவ்வேறுபாட்டை வாங்குவோர் அறியாதவரை குறியீட்டின் பயன் பட்டறையை எட்டாது.

முடிவுரை

வடசேரி நகையில் மதிப்பின் பெரும்பங்கு உலோகத்தின் எடையில் இல்லை; கைவேலையில் உள்ளது. விழுக்காட்டுக் கணக்கு அவ்வேலையை மறைக்கிறது. சேதாரத்தை உண்மையான இழப்பாகவும், செய்கூலியை வேலைநாளின் விலையாகவும் பிரித்தெழுதும் கணக்கு அதனை வெளிப்படுத்துகிறது. தரகைக் கழித்துக் காணும் விலையும், உலோக மதிப்புக்கேற்ற முன்பணமும், பயனர் பதிவும் அக்கணக்கிற்குத் துணையாவன. இவற்றால் எல்லாப் பட்டறைகளும் நிலைக்கும் எனக் கூறவியலாது. முலாம் நகையின் விலையோடு கைநகை போட்டியிட முடியாது என்பது வெளிப்படை. ஆனால் எந்த நகை எந்த விலைக்குக் கீழே செய்யத் தகாதது என்பதைக் கைவினைஞர் முன்கூட்டியே அறிவார். அணிகலச் சொற்களைத் தொகுக்கும் ஆய்வாளர்கள் சட்டம், அரக்கு, கெம்பு, மெருகு ஆகிய சொற்களோடு அவ்வேலை ஒவ்வொன்றும் கொள்ளும் நாள்களையும் பதிவார்களாயின், அப்பதிவு பட்டறைகளின் விலைக் கணக்கிற்கும் சான்றாகும்.