கரையும் கசிவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்த ஊர் வத்திராயிருப்பு. அவ்வூரார் உழவுக்குக் கண்மாய்களை நம்பி வாழ்பவர். ஐப்பசி மழை தொடங்குமுன் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பார்த்து வருதல் பட்டறிவுடைய உழவரின் வழக்கம். கரை உறுதியாகவே தோன்றும். மேலே புல் செழித்திருக்கும். ஆயினும் அவர் கண் கரையின் வெளியடியையே நாடும். அங்கே உள்ளங்கை அகலத்திற்கு மண் ஈரமாயிருப்பின், உள்ளே நண்டு வளையோ எலி வளையோ இருத்தல் கூடும் என ஐயுறுவர். கரை உடைந்த பின்னர் ஊரே திரண்டாலும் அடைத்தல் அரிது. கசியும் நிலையில் ஒருவரே மண்வெட்டி கொண்டு அடைத்துவிடலாம்.

மனித உடலிலும் இத்தகைய கசிவு உண்டு. பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ளது. அதன் இறுதிப் பகுதியே மலக்குடல். அகவை முதிர முதிர, இக்குடலின் உட்சுவரில் மொட்டுப் போன்ற சிறு சதைவளர்ச்சிகள் சிலருக்குத் தோன்றும். இவற்றை மருத்துவர் பாலிப் என்பர். இவை வலியைத் தருவதில்லை; பசியைக் கெடுப்பதில்லை. பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடும். ஒரு சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறும். அம்மாற்றத்திற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அத்துணை நீண்ட காலமும் அம்மனிதர் வயலுக்குச் செல்வார், திருவிழாவிற்குச் செல்வார். நோயாளி என அவரும் அறியார், பிறரும் அறியார்.

இந்நோய் காலங்கடந்து அறியப்படுவதால் விளையும் துயரைத் தமிழகம் ஒரு குடும்பத்தின் வரலாற்றில் கண்டது. 1912 ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, 1923 ஆம் ஆண்டில் மலக்குடற் புற்றுநோயால் உயிர் நீத்தார். தமக்கை மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அத்துயர் அவ்வம்மையாரின் நெஞ்சில் நீங்காது நின்றது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என அவர் பல்லாண்டுகள் முயன்றார். 1952 ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று.

நோய்க்குறி எதுவும் இல்லாதவரிடம் நோயைத் தேடும் முறை முன்னறி சோதனை எனப்படும். பெருங்குடலைப் பொறுத்தவரை அதன் எளிய வடிவம் மலச்சோதனையாகும். வளரும் பாலிப்பிலிருந்தும் புற்றிலிருந்தும் சிறிதளவு குருதி அவ்வப்போது கசியும். அது கண்ணுக்குப் புலப்படாது. வேதிப்பொருள் கொண்டு சோதித்தால் புலப்படும். கரையடியில் காணும் ஈரத்திற்கு இஃது ஒப்பு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நாற்பத்தாறாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1993 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆண்டுதோறும் மலச்சோதனை செய்துகொண்டோரிடையே இந்நோயால் இறந்தவர் தொகை, பதின்மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

குருதி உண்டு எனத் தெரிந்த அளவிலேயே புற்றுநோய் என முடிவு கட்டுதல் கூடாது. மூலநோயாலும் குருதி கசியும். ஆதலின் அடுத்த படியாக, பேதி மருந்தால் குடலைத் தூய்மை செய்து, வளையும் மெல்லிய குழாயைச் செலுத்தி உட்சுவரை நேரே காண்பர். இதுவே கொலோனோஸ்கோப்பி. 1969 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஷின்யா, வுல்ஃப் என்னும் மருத்துவர் இருவர், இக்குழாயின் வழியே கம்பி வளையம் செலுத்திப் பாலிப்பை அறுத்தெடுத்தனர். வயிற்றைக் கிழிக்காமலே நோயின் வித்தை அகற்றும் வழி அன்று பிறந்தது. நோயைக் கண்டறியும் சோதனைகள் பல உண்டு. நோய் பிறக்குமுன்னரே அதனைத் தடுக்கும் சோதனை இதுபோல் மிகச் சிலவே.

எனினும் இதனையும் அளவறிந்தே போற்றல் வேண்டும். குழாய் செலுத்துகையில் அரிதாகக் குடலில் துளை விழுதலும் குருதி பெருகுதலும் உண்டு. மலச்சோதனை சில வேளை நோயைக் காணாமலும் விடும். பாலிப்புகள் எந்நாளும் கசிவதில்லை அன்றோ? ஒரு முறை செய்து அமைந்துவிடாமல் மீண்டும் மீண்டும் செய்யுமாறு கூறுவது அதனாலேயே. நலமாயிருப்பவரைச் சோதனைக்கு அழைப்பது எளிய பொறுப்பன்று. எத்தகைய நோய்க்கு இவ்வாறு அழைக்கலாம் என்பதற்கு, 1968 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்திற்காக வில்சன், யுங்னர் என்போர் நெறிகள் வகுத்தனர். பின்னர்ச் செய்வதற்குரிய மருத்துவம் கைக்கெட்டும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கசிவைக் காட்டிவிட்டு மண்வெட்டியை மறைத்து வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

நாட்டுக்கு நாடு இதில் வேறுபாடு உண்டு. ஜப்பான் 1992 முதல் நாற்பது அகவை கடந்தோர்க்கு மலச்சோதனையை நாடெங்கும் நடத்தி வருகிறது. இங்கிலாந்தில் ஈராண்டுக்கொரு முறை சோதனைப் பெட்டி அஞ்சலிலேயே வீடு தேடி வரும். அமெரிக்காவில் தொடங்கும் அகவை 2021 இல் ஐம்பதினின்று நாற்பத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டில் வகுத்த அரசுத் திட்டம், முப்பது அகவை கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று இடங்களின் புற்றுநோயையே நாடுகிறது. இந்நாட்டில் அவை மிகுதி. பெருங்குடற் புற்றுநோய் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆயினும் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்ததாயின், மற்றவரினும் இளமையிலேயே மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளுதல் தேவையாகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிய அறிதல் வேண்டும். இதுகாறும் கூறியவை யாவும் குறி இல்லாதவர்க்கே உரியவை. மலத்தில் குருதி காணுதல், மலம் கழியும் வழக்கம் மாறிப் பல வாரம் நீடித்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை தோன்றியவர்க்கு முன்னறி சோதனை பொருந்தாது. மலத்தைப் பற்றி வாய் திறந்து பேசுதல் இழிவு எனக் கருதி, மூலம் என்றோ உடற்சூடு என்றோ தாமே பெயரிட்டு, நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி மாதக்கணக்கில் காலங்கழிப்பார் உளர். அவர்தம் கரையில் இருப்பது ஈரமன்று. நீரே ஓடத் தொடங்கிவிட்டது. அத்தகையோர் அந்த வாரமே மருத்துவரைக் கண்டு, குடலை நேரே பார்க்கும் ஆய்வு வேண்டுமா எனக் கேட்டறிதல் வேண்டும்.