எங்கும் இயங்கும் நிரல்

நுழையும்முன்

ஒரு கணினிக்காக எழுதப்பட்ட நிரல் வேறொரு கணினியில் இயங்காமல் போவது ஏன்? இயக்க அமைப்பு எதுவாயினும் செயல்படும் நிரலை எழுதுவது எவ்வாறு? இத்துறையில் தமிழ் பெற்ற பட்டறிவு யாது? இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இயங்க மறுத்த நிரல்

பெரியாறு பாசனக் கால்வாயின் நீரால் நெல் விளையும் பகுதி வாடிப்பட்டி. அங்குள்ள மாணவி ஒருத்தி சி++ மொழியில் ஒரு நிரல் எழுதுகிறாள் எனக் கொள்ளலாம். நெல்லின் மொத்த எடையைக் கொடுத்தால், நாற்பது கிலோ மூட்டைகள் எத்தனை, எஞ்சுவது எவ்வளவு, வரவேண்டிய தொகை எவ்வளவு என்று அது கணக்கிட்டுச் சொல்லும். வீட்டிலுள்ள விண்டோஸ் மடிக்கணினியில் நன்கு இயங்கிய அந்நிரல், லினக்ஸ் நிறுவப்பட்ட பள்ளிக் கணினியில் இயங்க மறுக்கிறது. கணக்கில் பிழையில்லை, எனினும் விடை வரவில்லை.

காரணம் யாது?

மனிதர் எழுதுவது மூலநிரல். அதனை நிரல்பெயர்ப்பி பொறிமொழியாக மாற்றி, இயக்கத்தக்க கோப்பாக்குகிறது. அக்கோப்பின் அமைப்பு இயக்க அமைப்புக்கேற்ப வேறுபடும். திரையில் எழுதவும் கோப்பைத் திறக்கவும் நிரல் இயக்க அமைப்பின் உதவியையே நாடுகிறது; அவ்வுதவியைக் கேட்கும் முறையும் ஒவ்வோர் அமைப்பிலும் வெவ்வேறாகும். ஆகவே, விண்டோசுக்கென ஆக்கப்பட்ட கோப்பை லினக்ஸ் நேரடியாக இயக்குவதில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, மூலநிரலையே எடுத்துச் சென்று, அந்தந்த அமைப்பிலுள்ள நிரல்பெயர்ப்பியால் மீண்டும் மாற்றுவது. 1973ஆம் ஆண்டில் யுனிக்ஸ் இயக்க அமைப்பு சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. ஒரே பொறிக்கு உரியதாக இருந்த அது, பிற பொறிகளுக்கும் பரவ அம்மாற்றமே வழிவகுத்தது.

இரண்டாம் வழி, மெய்நிகர் பொறி. 1995இல் வெளிவந்த ஜாவா, எந்தக் கணினிக்கும் உரியதல்லாத இடைநிலைக் குறிமுறையாக நிரலை மாற்றுகிறது. ஒவ்வோர் அமைப்பிலும் நிறுவப்பட்ட மெய்நிகர் பொறி அதனை இயக்குகிறது.

மூன்றாம் வழி, வரிமொழிமாற்றி. பைத்தான் மொழியின் நிரல், பைத்தான் நிறுவப்பட்ட எவ்வமைப்பிலும் பெரும்பாலும் மாற்றமின்றி இயங்கும்.

மறைந்திருக்கும் தடைகள்

மூலநிரலை எடுத்துச் சென்றால் மட்டும் போதாது. பழைய டர்போ சி++ பயிற்சிகளில் திரையைத் துடைக்கப் பயன்பட்ட 'கோனியோ' தலைப்புக் கோப்பு, சி++ மொழியின் பொதுத்தரத்தில் இடம்பெறாதது. லினக்சின் வழக்கமான நிரல்பெயர்ப்பி அதனை அறியாது. கோப்புப் பெயரிலுள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறுபடுத்தும்; விண்டோஸ் பொதுவாக வேறுபடுத்துவதில்லை. வரியின் முடிவை விண்டோஸ் 13, 10 என்னும் இரண்டு எண்களாலும், லினக்ஸ் 10 என்னும் ஒரே எண்ணாலும் குறிக்கும். இத்தகைய சிறு வேறுபாடுகளே பெரும் இடர்களாகின்றன.

தமிழ் பெற்ற பட்டறிவு

ஒருகாலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஒருங்குறி இந்நிலையை மாற்றியது. அதில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949 என்பதே எண். கணினி மாறினும் அவ்வெண் மாறாது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

இவ்வடித்தளத்தின்மீது எழுந்த முயற்சிகளுள் ஒன்று, முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி. 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'முடி' போன்ற தமிழ்ச் சொற்களே இதன் ஆணைகள். எழில் பைத்தான் மொழியில் ஆக்கப்பட்டது. எனவே விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்கும் வாய்ப்பைப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்கால மடிக்கணினிகளில், விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் அமைப்பும் நிறுவப்பட்டிருந்தது. 'பாஸ்', இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

பிரித்து எழுதும் திறன்

எங்கும் இயங்கும் நிரலின் உயிர்நாடி, மாறுவதையும் மாறாததையும் பிரித்தறிவது. எடையை நாற்பதால் வகுக்கும் கணக்கு எவ்வமைப்பிலும் மாறாது. திரையில் காட்டும் முறையும் கோப்பில் சேமிக்கும் முறையும் மாறக்கூடியவை. இவ்விரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக எழுதினால், இடம் மாறும்போது ஒரு பகுதியைத் திருத்தினால் போதும்.

வாடிப்பட்டி மாணவி தன் நிரலை இவ்வாறு பிரித்து, பொதுத்தர ஆணைகளை மட்டும் கையாண்டு எழுதிவிட்டால், பள்ளியின் லினக்ஸ் கணினியில் அதனை மீண்டும் மாற்றி இயக்கலாம். நாளை அதே கணக்கை ஆண்ட்ராய்டு திறன்பேசிக்கும் கொண்டு செல்லலாம். அப்போது, நெல்லை எடைபோடும் இடத்திலேயே தமக்குரிய தொகையை உழவர் தம் கையிலுள்ள கருவியில் சரிபார்த்துக்கொள்ள இயலும்.