கரையும் கப்பலும் – 9: ஊருக்கெல்லாம் விற்ற டாங்கி

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் உப்பு வரியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யத்துக்கு நடந்த கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராகப் போனார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று கலெக்டர் தார்ன் மிரட்டியதும், அதையும் மீறி மரக்கிளைகளில் சோற்று மூட்டை தொங்கியதும் நமக்குத் தெரியும். அந்த உப்பு வரி எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு நிலவரி மாகாணத்துக்கு என்றும், சுங்கம், வருமான வரி, உப்பு வரி ஆகியவை டெல்லிக்கு என்றும் பங்கு பிரித்தார்கள். டெல்லியின் ஆகப் பெரிய செலவு ராணுவம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராணுவச் செலவு வருடத்துக்குச் சுமார் 55 கோடி ரூபாய். உப்பு வரியில் வந்தது 6 கோடிக்கு மேல். இந்தியாவில் நிற்கிற படை வெள்ளைக்காரப் படையே ஆனாலும் அதன் சம்பளமும் சாமானும் இந்தியக் கருவூலத்தின் கணக்கில்தான். ஆக, வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக் கூலிக்காரர் வீட்டு உப்பிலும் பட்டாளத்துக்கு ஒரு பங்கு இருந்தது.

மறு வருடமே, 1931இல், இங்கிலாந்திலிருந்து சில இலகு டாங்கிகள் இந்தியாவுக்குச் சோதனைக்கு வந்தன. இந்த வாரக் கதை அந்த இரும்பு வண்டியைப் பற்றியது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று டாங்கிக்கு ஏன் தாவுகிறேன் என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே இரவில் சந்தித்தன. அங்கே போவதற்கு முன் கொஞ்சம் சுற்றுவழி.

முதல் உலகப் போர் முடிந்ததும் லண்டன் ஒரு முடிவெடுத்தது. இன்னும் பத்து வருடத்துக்குப் பெரிய போர் வராது என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள் என்று 1919இல் துறைகளுக்குச் சொன்னார்கள். 1932 வரை அந்த விதி நீடித்தது. டாங்கியைக் கண்டுபிடித்த நாட்டில் புது டாங்கி கட்டப் பணமில்லை. அப்போதுதான் சிறுசாகச் செய்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. மார்ட்டெல் என்ற ராணுவ அதிகாரி 1925இல் தன் வீட்டு கராஜிலேயே ஒற்றை ஆள் டாங்கி ஒன்றைக் கட்டிப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டு ஜான் கார்டன், விவியன் லாய்டு என்ற இருவர் லண்டன் பட்டறை ஒன்றில் இறங்கினார்கள். 1928இல் அவர்கள் செய்த கார்டன்–லாய்டு ஆறாம் மாடல் நம்மூர்க் கூண்டு வண்டியைவிடக் குட்டை. நின்றால் மார்பளவுதான். எடை ஒன்றரை டன், உள்ளே இரண்டு பேர், ஒரு மெஷின் கன். தலைக்கு மேல் மூடியில்லை.

அதே வருடம் அந்தப் பட்டறையை விக்கர்ஸ்–ஆம்ஸ்ட்ராங் கம்பெனி விலைக்கு வாங்கியது. கப்பல், பீரங்கி, மெஷின் கன் என்று எதையும் செய்யும் கம்பெனி அது. உள்ளூரில் விற்பது போதவில்லை என்றால் வெளியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே? விக்கர்ஸ் அதைத்தான் செய்தது. குட்டி வண்டியைப் போலந்து, இத்தாலி, செக்கோஸ்லோவாக்கியா, ரஷ்யா எல்லாம் வாங்கின, அல்லது பார்த்து வேறாகச் செய்தன. ரஷ்யாவில் அதன் வாரிசு டி–27 மூவாயிரத்துக்கு மேல் உருவானது.

இன்னும் விசேஷம் விக்கர்ஸின் ஆறு டன் டாங்கி. 1928இல் வெளிவந்த நல்ல வண்டி. பிரிட்டிஷ் ராணுவம் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. உலகம் வேண்டும் என்றது. பொலிவியா வாங்கிப் பராகுவேயோடு சண்டையில் இறக்கியது. சீனாவும் சயாமும் வாங்கின. ரஷ்யா பதினைந்தை வாங்கி, உரிமமும் வாங்கி, அதை டி–26 என்ற பெயரில் பத்தாயிரத்துக்கு மேல் கட்டியது. பின்லாந்தும் விக்கர்ஸிடமே வாங்கியது. விளைவு, 1940 பிப்ரவரியில் ரஷ்ய–பின்லாந்துப் போரில் ஹொங்கனியேமியில் பின்லாந்துக்காரர்களின் விக்கர்ஸும் ரஷ்யர்களின் டி–26ம் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு பக்கமும் லாபம் எடுத்த வியாபாரம் இது. குற்றம் சொல்வதற்கில்லை, வியாபாரியின் குணம் அதுதான். அரசாங்கத்துக்கும் அதே குணம் இருந்ததுதான் பிரச்சினை.

ஜப்பானையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். 1902இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனின் கூட்டாளி அது. 1927இல் விக்கர்ஸ் மீடியம் சி டாங்கி ஒன்றை ஜப்பான் வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அந்தப் படிப்பிலிருந்து பிறந்தது 89 வகை டாங்கி. கார்டன்–லாய்டு குட்டி வண்டியிலிருந்து 94 வகை வந்தது. பிற்பாடு வந்த 95 வகை இலகு டாங்கி ஜப்பானியரின் சொந்த வடிவம். ஏழு டன்னுக்குக் கொஞ்சம் மேல், 37 மில்லிமீட்டர் பீரங்கி, டீசல் எஞ்சின். அதை விக்கர்ஸின் பிள்ளை என்று சொன்னால் தப்பு. ஆனால் முதல் பாடம் படித்த பள்ளிக்கூடம் விக்கர்ஸ்தான்.

இந்த நேரத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தனக்கென்று எடுத்துக்கொண்டது இலகு டாங்கிகளை. மாடல் ஒன்றில் தொடங்கி 1936இல் ஆறாம் மாடல் வரை வந்தது. ஐந்து டன், மூன்று ஆள், இரண்டு மெஷின் கன், மணிக்கு 56 கிலோமீட்டர் ஓட்டம். கவசம் மிஞ்சிப்போனால் 14 மில்லிமீட்டர். இந்தியாவுக்கென்றே ‘இந்திய வகை’ என்று மாற்றிச் செய்தும் அனுப்பினார்கள். வேலை வடமேற்கு எல்லையில். 1935இல் மோமந்துப் பழங்குடியினர் மேல் நடந்த படையெடுப்பில் இவற்றின் முந்தைய மாடல்கள் போயின. துப்பாக்கி மட்டும் வைத்திருக்கிற மலைவாசிக்கு எதிரே அந்த மெல்லிய தகடே தாராளம். ஏகாதிபத்தியக் காவல் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பீரங்கி வைத்திருக்கும் எதிரியை நினைத்துத் தைத்ததல்ல.

இனி நாகப்பட்டினத்துக்கு வருவோம். அன்று அது தஞ்சாவூர் ஜில்லா. மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் டிப்போக்கள் இரண்டில் ஒன்று இங்கே, மற்றொன்று சென்னையை ஒட்டிய ஆவடியில். கங்காணி சேர்த்த ஆட்களை டிப்போவில் தங்கவைத்து, ஊசி போட்டு, பரிசோதித்து, ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் பினாங்குக்கு அனுப்பினார்கள். பண்ணையாளாகப் பட்ட அடி பொறுக்காமல், நிலமில்லாமல், கடன் தீர்க்க வழியில்லாமல் போனவர்கள் பலர். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குள் மலேயாவில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் பெருகியிருந்தார்கள், பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வெட்டிய பால் உலகத்தின் டயர்களாயிற்று. இலகு டாங்கியின் சக்கரங்களுக்கும் ரப்பர் பூண்தான்.

அந்த மலேயாவைக் காக்க பிரிட்டன் எத்தனை டாங்கி வைத்திருந்தது? 1941 டிசம்பர் 8இல் ஜப்பான் கோத்தா பாருவில் இறங்கியபோது ஒன்றுகூட இல்லை. காடும் ரப்பரும் நிறைந்த நாட்டில் டாங்கி ஓடாது என்று நம்பினார்கள். நடவு வயலைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன், நம் டெல்டாச் சேற்றில் மாடே புதையும். ரப்பர் தோட்டம் அப்படியா? வரிசை பிடித்து நட்ட மரம், அடியில் சுத்தமான தரை, பால் ஏற்ற லாரி போகும் சாலை. தோட்டத்து ஆள் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

1942 ஜனவரி 7, விடியுமுன். மலேயாவின் பேராக் மாநிலத்துத் தென்பகுதி, ஸ்லிம் ஆற்றுக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் பெரிய சாலை. 11ஆவது இந்திய டிவிஷன் அதைத் தாங்கி நின்றது. வாரக்கணக்கில் பின்வாங்கிக் களைத்த படை. சிப்பாய்களில் பலர் ஊரில் இருந்தவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. நிலா வெளிச்சத்தில் சுமார் முப்பது ஜப்பானிய டாங்கிகள் சாலையிலேயே வரிசையாக வந்தன. தடுப்பு கண்ட இடத்தில் நின்று மோதவில்லை. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்குள் கிடந்தன. அவற்றில் புகுந்து, தடுப்புக்குப் பின்னால் வந்து ஏறின. காலைப் பொழுதுக்குள் ஸ்லிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். பாலத்தையும் தாண்டி ஓடி, கடைசியில் ஒரு 4.5 அங்குலப் பீரங்கிதான் முன்னால் வந்த டாங்கியை நிறுத்தியது. அதற்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிவிட்டன. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

மலேயாப் போருக்கென்று பிரிட்டிஷ் தரப்பில் டாங்கி வந்ததும் உண்டு. ஜனவரிக் கடைசியில், தீபகற்பம் கை நழுவும் நேரத்தில், இந்தியாவிலிருந்து ஒரு இலகு டாங்கி ஸ்குவாட்ரன் சிங்கப்பூரில் இறங்கியது. இந்தியாவில் அங்கங்கே கிடந்த பழைய வண்டிகளைப் பொறுக்கிச் சேர்த்தது, சில பட்டறைக்குப் போக வேண்டிய நிலையில். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

இரும்பு பற்றாததால் வந்த தோல்வி என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை. ஆளை ஏற்றவும், ரப்பரை இறக்கவும், டாங்கியைப் பொலிவியா வரை விற்கவும் கப்பல் கிடைத்தது. தோட்டத்தில் இருக்கிறவர்களைக் காப்பது மட்டும் எவர் பட்ஜெட்டிலும் வரவில்லை. உப்பு வரி கட்டிய ஜனத்துக்குக் கிடைத்தது எல்லைப்புற டாங்கி. அவர்களின் பிள்ளைகள் இருந்த இடத்துக்குக் கிடைத்தது வெறுங்கை.

ஒரு உபரித் தகவல். 1961இல் சுதந்திர இந்தியா அதே விக்கர்ஸோடு ஒப்பந்தம் போட்டது. 38 டன்னுக்கு மேல் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி. 1965 டிசம்பரில் இந்தியாவில் கட்டிய முதல் வண்டி வெளிவந்தது, பெயர் விஜயந்தா. ஆறு டன் டாங்கியைப் போலவே இதையும் ஏற்றுமதிக்கென்றே வடிவமைத்தார்கள், பிரிட்டிஷ் ராணுவம் இதையும் வாங்கவில்லை. நாம் இரண்டாயிரத்துக்கு மேல் கட்டினோம். கட்டிய இடம் ஆவடி.

அடுத்த வாரம், டாங்கி போன பிறகு தோட்டத்தில் மிஞ்சியவர்கள் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கதை. நாகை, திருவாரூர், தஞ்சை வட்டாரத்தில் உங்கள் வீட்டில் மலேயா டிப்போ சீட்டு, தோட்டத்துக் கடிதம், போட்டோ ஏதேனும் இருந்தால் தயவுசெய்து நகலெடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும்.